மூளைக்குள் இருக்கும் குளோரைடு: ஆஸ்ட்ரோசைட் செல்கள் பற்றி நம்ம கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோவையில் உடலியங்கியல் பாடம் நடத்துகிறேன். மூளையில் உள்ள ஆஸ்ட்ரோசைட் என்ற செல்களைப் பற்றியும் அவற்றுக்குள் இருக்கும் குளோரைடு (உப்பில் இருக்கும் அயனி) பற்றியும் பேசப் போகிற இடங்களில் கேள்விகள் நிறைய வருகின்றன. மாணவர்கள் கேட்பது ஒரு வகை. வலிப்பு உள்ள பிள்ளையைப் பெற்றவர்கள், ஈரல் கெட்டுப்போன அப்பாவைப் பார்த்துக்கொள்பவர்கள், நொய்யல் ஓரத்துத் தோட்டக்காரர்கள் கேட்பது இன்னொரு வகை. இங்கே இரண்டாவது வகைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ வேண்டாம். அது உங்கள் டாக்டர் வேலை.

லேப் ரிப்போர்ட்டில் குளோரைடு 108 என்று தடித்த எழுத்தில் வந்திருக்குதுங்க. மூளைக்கு ஏதாவது ஆகுமுங்களா?

பயப்பட வேண்டாம். அந்தச் சீட்டில் சோடியம், பொட்டாசியத்துக்கு அடுத்த வரியில் இருப்பது ரத்தத்தில் உள்ள குளோரைடு. லிட்டருக்கு 96 முதல் 106 மில்லி ஈக்விவலன்ட் வரை இருப்பது சாதாரணம். லேபுக்கு லேப் ஓரிரு புள்ளி மாறும். பேதிக்குப் பிறகு 108 வருவது சகஜம். சலைன் பாட்டில் நிறைய ஏற்றினாலும் ஏறும். ஏனென்றால் சாதாரண சலைனில் குளோரைடு லிட்டருக்கு 154. நம் ரத்தத்தில் இருப்பதோ நூறைச் சுற்றித்தான்.

இந்தக் கட்டுரை பேசும் குளோரைடு வேறு இடத்தில் இருக்கிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு, அதைத் தாண்டினால் மூளைச் செல்களைச் சுற்றியுள்ள நீர், அதற்கும் உள்ளே செல்லின் சவ்வு. இத்தனையையும் தாண்டி ஆஸ்ட்ரோசைட்டுக்குள் எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்பதை அந்த செல்லின் சொந்தப் பம்புகளும் வாய்க்கால்களும்தான் தீர்மானிக்கின்றன. கையில் எடுத்த ரத்தத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுக்கும் நீரிலும் ஒரு காலத்தில் குளோரைடு பார்த்தார்கள். காசநோய் மூளைக்காய்ச்சலில் அது குறையும் என்று பழைய பாடப் புத்தகங்கள் சொல்லும். ரத்தத்தில் குறைந்ததுதான் அங்கேயும் குறைந்து தெரிகிறது என்று பிறகு புரிந்தது. இப்போது அந்தப் பரிசோதனையை நம்பி யாரும் முடிவெடுப்பதில்லை.

ஆஸ்ட்ரோசைட் என்றால் என்ன? நரம்பு செல்தானா?

இல்லை. நரம்பு செல் என்பது நியூரான். சமிக்ஞை அனுப்புவது அதன் வேலை. ஆஸ்ட்ரோசைட் அதன் பக்கத்தில் துணையாக இருக்கும் கிளியா வகை செல், நட்சத்திரம் மாதிரி நாலாபுறமும் கிளைத்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் தடித்த கிளைகளுக்கு நடுவே பஞ்சு போல மெல்லிய இழைகள் அடர்ந்து, இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடங்களை ஒட்டிப் போவது தெரியும். இன்னொரு முனை ரத்தக் குழாயின் மேல் பாதம் பதித்த மாதிரி படிந்திருக்கும்.

நியூரான்கள் வேலை செய்யும்போது வெளியே கொட்டும் பொட்டாசியத்தை எடுப்பது, குளுட்டமேட் (நியூரானைக் கிளப்பிவிடுவது), காபா (அடக்குவது) போன்ற ரசாயனங்களை அப்புறப்படுத்துவது, தண்ணீர் அளவைப் பார்த்துக்கொள்வது எல்லாம் இதன் பொறுப்பு. நூறு வருஷத்துக்கு மேல் இதை வெறுமனே முட்டுக் கொடுக்கும் செல்லாகவே எழுதி வந்தார்கள். பாடம் நடத்துகிறவர்களே இன்னமும் இதை ஒரு பத்தியில் முடித்துவிடுவது எனக்கு வருத்தம்.

நியூரானில் குளோரைடு குறைவு, ஆஸ்ட்ரோசைட்டில் அதிகம் என்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

செல்களுக்கு வெளியே உள்ள நீரில் குளோரைடு லிட்டருக்கு 120 மில்லிமோலை ஒட்டி இருக்கிறது. முதிர்ந்த நியூரானுக்குள் 5 முதல் 10 வரைதான். உள்ளே வரும் குளோரைடைக் கேசிசி-2 என்ற புரதம் பொட்டாசியத்தோடு சேர்த்து வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதுதான் காரணம். மூளையில் 'அடங்கு' என்று சொல்லும் முக்கியமான ரசாயனம் காபா. காபா வந்து தொட்டதும் நியூரானின் சவ்வில் குளோரைடு போகும் வாசல் திறக்கும். வெளியே அதிகம், உள்ளே குறைவு என்பதால் குளோரைடு உள்ளே பாயும். அது எதிர்மின்னேற்றம் உடையது. உள்ளே வந்ததும் நியூரான் அமைதியாகும். வலிப்பு மாத்திரை, தூக்க மாத்திரை, மயக்க மருந்து என்று எத்தனையோ மருந்துகள் இந்த ஒரு வாசலை நம்பித்தான் இருக்கின்றன.

ஆஸ்ட்ரோசைட்டில் கதை தலைகீழ். அதில் கேசிசி-2 கிடையாது. அதற்குப் பதில் என்கேசிசி-1 என்ற புரதம் ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என்று சேர்த்து உள்ளே இழுக்கிறது. அதனால் உள்ளே 30 முதல் 50 மில்லிமோல் வரை நிற்கிறது. ஆஸ்ட்ரோசைட்டிலும் காபாவுக்கான அதே வாசல் உண்டு. ஆனால் அங்கே காபா வந்தால் குளோரைடு வெளியே போகிறது. வளர்ப்புத் தட்டில் வைத்த ஆஸ்ட்ரோசைட் மேல் காபாவை விட்டால் நியூரானுக்கு நடப்பதற்கு நேர்மாறான மின்மாற்றம் வருகிறது என்பதை 1980களிலேயே பார்த்துவிட்டார்கள். அதற்கு என்ன பயன் என்பது வெகுகாலம் புரியவில்லை.

பயன் இதுதான். இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடுக்கு ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு அகலம்தான். அத்தனை சின்ன இடத்தில் காபா வேகவேகமாக வேலை செய்தால், நியூரான் குளோரைடை உள்ளே எடுத்துக்கொண்டே போகும்; வெளியே குறைந்து, உள்ளே ஏறி, வித்தியாசம் தேயும். வித்தியாசம் தேய்ந்தால் காபாவின் பேச்சு எடுபடாது. அதே நேரத்தில் அதே காபா பக்கத்து ஆஸ்ட்ரோசைட்டிலிருந்து குளோரைடை வெளியே விடச் செய்கிறது. நியூரானுக்குத் தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் இடத்தில் கையிருப்பு வந்து சேர்கிறது. மூளையின் அமைதி நியூரான் மட்டும் காப்பாற்றும் சமாச்சாரம் இல்லை. பக்கத்தில் கிளியா செல் குளோரைடைச் சேர்த்து வைத்திருப்பதால் நிற்கிறது. நான் போகிற இடமெல்லாம் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

அப்புறம், வேலை முடிந்த காபாவைத் துடைத்தெடுக்கும் கேட்-3 என்ற புரதமும் ஆஸ்ட்ரோசைட்டில் இருக்கிறது. அது ஒரு காபாவோடு இரண்டு சோடியமும் ஒரு குளோரைடும் சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும். குளுட்டமேட்டை எடுக்கும் புரதங்களோ குளோரைடு போகும் வாய்க்காலாகவும் வேலை செய்கின்றன. ஆக குளோரைடு கணக்கு தப்பினால் துப்புரவு வேலையும் சேர்ந்து தடுமாறும்.

இது தூக்கத்தோடு மாறுமுங்களா?

மாறும். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் வெரீனா உண்டீட், மைக்கேன் நெடர்கார்டு குழுவினர் 2023ல் வெளியிட்ட எலி ஆய்வு இதைக் காட்டியது. எலி தூங்கும்போது ஆஸ்ட்ரோசைட்டுக்குள் குளோரைடு உயர்ந்து ஒரே நிலையில் நிற்கிறது. விழித்ததும் குறைகிறது, ஓடும்போதும் மீசையைத் தொடும்போதும் ஏறி இறங்குகிறது. ஒளியால் திறக்கக்கூடிய வாய்க்காலை வைத்து ஆஸ்ட்ரோசைட்டின் குளோரைடை மட்டும் மாற்றியபோது, பக்கத்து நியூரான்களின் வேலையும் மாறியது.

தோட்டத்தில் ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வரும்போது போர் மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பிவிட்டு, பகலில் அதிலிருந்து சொட்டு நீர் விடுகிறோமே, ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான். பகலில் எடுப்பு அதிகம், ராத்திரி நிரம்பும்.

நூல் மில்லில் நைட் ஷிப்ட். வலிப்பு இருக்கிறவங்க போகலாமா?

மேலே சொன்னது எலி ஆய்வு. அதை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பது மனிதர்களில் எப்போதோ நிலைநாட்டப்பட்ட விஷயம். வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர் நைட் ஷிப்டைத் தவிர்ப்பதுதான் நல்லது, அதுவும் ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை என்றால் கண்டிப்பாக. டாக்டரிடம் சீட்டு வாங்கி மேனேஜரிடம் கொடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

செல்லுக்குள் இருக்கும் குளோரைடை எப்படி அளக்கிறார்கள்?

ஒளிர்கிற சாயங்களை வைத்து. சில சாயங்களும் சில புரதங்களும் குளோரைடு கூடினால் மங்கும். எலியின் ஆஸ்ட்ரோசைட் மட்டும் அந்தப் புரதத்தைத் தயாரிக்கும்படி மரபணுவைச் சேர்த்துவிட்டு, ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்ப்பார்கள். இன்னொரு முறை, ஒளி அணைய எத்தனை நானோ நொடி ஆகிறது என்று அளப்பது. சாயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற குழப்பம் அதில் வராது.

இந்தத் துறையில் நம்ம பக்கத்துப் பங்கும் உண்டு. சென்னை மகளிர் கிறிஸ்துவக் கல்லூரியில் வேதியியல் படித்த யமுனா கிருஷ்ணன், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) ஆய்வகத்தில் இருந்தபோது டி.என்.ஏ. இழைகளைக் கொண்டே குளோரைடு அளக்கும் ஒரு நுண்கருவியைச் செய்தார். கிளென்சர் என்று பெயர். செல்லுக்குள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பைகளின் குளோரைடைக்கூட அது அளக்கும். இவை எல்லாம் ஆய்வகக் கருவிகள். 'ஆஸ்ட்ரோசைட் டெஸ்ட்' என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எங்க போர் தண்ணியில குளோரைடு ஆயிரத்துக்கு மேல. நொய்யல் ஓரம்ங்க. பிள்ளைகளுக்கு மூளை பாதிக்குமுங்களா?

இந்தக் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்காகத் தொட்டி தொட்டியாகக் கொட்டிய உப்பு, திருப்பூரிலிருந்து நொய்யலில் இறங்கி, 1992ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றியிருந்த கிணறுகளில் ஊறியது. தென்னையும் மாடும் பட்ட பாடு அந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவை வெளியே விடாத ஏற்பாட்டோடுதான் பிறகு இயங்க முடிந்தது. நிலத்தடியில் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது.

குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தரம். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1,000 வரை. 250ஐத் தாண்டினாலே நாக்குக்கு உப்புக் கரிக்க ஆரம்பிக்கும். ஆயிரம் இருக்கும் தண்ணீரை நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தால் 3 கிராம் குளோரைடு உள்ளே போகிறது. அது அத்தனையும் சோடியத்தோடு சேர்ந்தது என்று வைத்தால் ஏறக்குறைய 5 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமாகவே 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சோற்றில் உப்புப் போடும் முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது.

இதில் அடி வாங்குவது ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம். ஆரோக்கியமான சிறுநீரகம் கூடுதல் குளோரைடை வெளியே அனுப்பிவிடும். ஆஸ்ட்ரோசைட்டின் கையிருப்பு தண்ணீரைப் பார்த்து ஏறி இறங்காது. ஆனால் வருஷக்கணக்கில் பிரஷர் ஏறி ஸ்ட்ரோக் வந்தால் அதுவும் மூளைக்கு வந்த கேடுதான். குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் குடிநீர்த் திட்டத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணி பாத்திரம் கழுவ, துணி துவைக்க ஆகட்டும். காய்ச்சினால் குளோரைடு போகாது; தண்ணீர் வற்றி, செறிவு கூடத்தான் செய்யும்.

தண்ணித் தொட்டியில் போடும் குளோரினும் இதுவும் ஒன்றா?

குளோரின் கிருமி கொல்லும் வாயு. குளோரைடு உப்பில் இருக்கும் அயனி. கிருமியைக் கொன்று முடித்த குளோரினில் பெரும்பகுதி குளோரைடாகத்தான் மாறுகிறது, அதன் அளவும் மிகக் கொஞ்சம். பஞ்சாயத்துத் தொட்டியில் குளோரின் போடுவதைத் தடுக்காதீர்கள்.

அப்பாருக்கு சோடியம் 112க்கு இறங்கிருச்சு. வீட்டில் உப்பைக் கரைச்சுக் குடுக்கலாமுங்களா?

கூடாது. நம்ம பக்கம் வயசானவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது, பெரும்பாலும் பிரஷர் மாத்திரையோடு சேர்ந்திருக்கும் நீர் மாத்திரையால். பேச்சு குழறும், ஆள் தெரியாமல் பேசுவார், நடை தடுமாறி விழுவார், சில சமயம் வலிப்பே வரும்.

உள்ளே நடப்பது இது. ரத்தத்தில் சோடியம் இறங்கினால் தண்ணீர் மூளைக்குள் நுழைகிறது. முதலில் வீங்குவது ரத்தக் குழாயைப் பாதத்தால் மூடியிருக்கும் ஆஸ்ட்ரோசைட்தான். மண்டை ஓடு விரிந்து கொடுக்காது. எனவே ஆஸ்ட்ரோசைட் வீக்கத்தைக் குறைக்கத் தன் குளோரைடை வெளியே விடுகிறது. பொட்டாசியமும் டாரின் போன்ற பொருள்களும் கூடவே போகின்றன, தண்ணீரும் பின்னாலேயே போகிறது. வீங்கினால் திறக்கும் அந்த வாய்க்கால் எந்தப் புரதத்தால் ஆனது என்பது பல வருஷம் தெரியாமலே இருந்தது. 2014ல் அமெரிக்காவில் ஆர்டம் படபூட்டியன் குழுவும் ஜெர்மனியில் தாமஸ் யென்ட்ச் குழுவும் தனித்தனியாக ஒரே புரதத்தைக் கண்டுபிடித்தார்கள்: எல்.ஆர்.ஆர்.சி.8.ஏ.

இரண்டு நாளில் மூளை இப்படித் தன்னைச் சரிப்படுத்திக்கொண்டுவிடும். அதற்குப் பிறகு சோடியத்தை வேகமாக ஏற்றினால் ஆபத்து. இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்ட ஆஸ்ட்ரோசைட் சுருங்கிச் சாகும். அதைத் தொடர்ந்து நரம்பின் மேலுறை கரையும், கைகால் விழும், பேச்சும் விழுங்குவதும் போகும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் ஏறாமல் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். "மூணு நாளா ஐசியூவில் வெச்சிருக்காங்க, இன்னும் 126தான் வந்திருக்கு" என்று டாக்டரிடம் சண்டை போடாதீர்கள்; மெதுவாக ஏற்றுவதுதான் வைத்தியம். காரணத்தைப் பொறுத்து சிலருக்கு உப்பு வேண்டாம், குடிக்கும் தண்ணீரைக் குறைத்தாலே போதும். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் உப்புக் கரைசலை ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும்.

பிறந்த குழந்தைக்கு வரும் வலிப்பு மாத்திரைக்கு அடங்காதது இந்தக் குளோரைடு கணக்காலா?

ஒரு பகுதி இதனால். பச்சைக் குழந்தையின் நியூரானில் கேசிசி-2 இன்னும் சரியாக வந்திருக்காது, என்கேசிசி-1 அதிகம். உள்ளே குளோரைடு உயர்ந்திருக்கும். அங்கே காபா அடக்குவதற்குப் பதில் கிளப்பிவிடலாம். பீனோபார்பிட்டோன் காபாவின் வாசலைத் திறந்து வைக்கும் வலிப்பு மருந்து. வாசலின் இரு பக்கமும் குளோரைடு சரியாக இல்லையென்றால் அதன் பலன் குறையும்.

அப்படியென்றால் என்கேசிசி-1ஐ அடைக்கும் பியூமெட்டனைடு மாத்திரையைக் கொடுத்தால் சரியாகாதா? ஆட்டிசத்துக்கும் நல்லது என்று வாட்ஸ்அப்பில் வந்தது.

பியூமெட்டனைடு ஒரு நீர் மாத்திரை. இந்த யோசனை நல்ல யோசனைதான், அதனால்தான் முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். பிறந்த குழந்தைகளின் வலிப்புக்கு ஐரோப்பாவில் நடந்த சோதனை 14 குழந்தைகளோடு நிறுத்தப்பட்டது. 2015ல் முடிவு வெளியானது. வலிப்பு அடங்கவில்லை, பிழைத்த 11 குழந்தைகளில் 3 பேருக்குக் காது கேட்பது பாதித்தது. ஆட்டிசத்துக்கு 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த இரண்டு பெரிய சோதனைகள் பலன் தெரியாததால் 2021ல் நிறுத்தப்பட்டன.

மாத்திரை மூளைக்குள் நுழைவதே மிகக் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் நான் சேர்த்துச் சொல்வேன்: என்கேசிசி-1 நியூரானில் மட்டும் இல்லை. உள்காதில் இருக்கிறது, மூளை நீர் ஊறும் இடத்தில் இருக்கிறது, ஆஸ்ட்ரோசைட்டில் இருக்கிறது. நியூரானுக்குள் குளோரைடைக் குறைக்க அதை அடைத்தால், ஆஸ்ட்ரோசைட்டின் கையிருப்பில் சேர்ந்தே கை வைக்கிறோம். நியூரானை மட்டும் மனதில் வைத்துப் போட்ட திட்டம் இது என்பது என் கருத்து.

வாட்ஸ்அப் செய்தியை நம்பி மருந்துக்கடையில் வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பொட்டாசியம் இறங்கும், நீர் வற்றும், காதும் போகலாம்.

ஈரல் கெட்டவங்களுக்கு புத்தி மாறாட்டம் வருவதற்கும் ஆஸ்ட்ரோசைட்டுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. ஈரல் வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் அம்மோனியா ஏறும். மூளையில் அம்மோனியாவைக் குளுட்டமினாக மாற்றும் நொதி முக்கியமாக ஆஸ்ட்ரோசைட்டில்தான் இருக்கிறது. அதனால் அடியும் முதலில் அதற்கே. குளுட்டமின் சேரச்சேர அது வீங்கும்.

நெடர்கார்டு குழு 2013ல் எலியில் இன்னொரு வழியையும் காட்டியது. அம்மோனியா ஆஸ்ட்ரோசைட் பொட்டாசியத்தை எடுப்பதைக் கெடுக்கிறது. வெளியே பொட்டாசியம் தேங்குகிறது. அது நியூரானில் உள்ள என்கேசிசி-1ஐ அளவுக்கு மீறி ஓட்டுகிறது. நியூரானுக்குள் குளோரைடு ஏறி, காபாவின் அடக்கும் வலு குறைகிறது. துடிப்பு, வலிப்பு எல்லாம் அங்கிருந்து. அம்மோனியாவில் தொடங்கியது கடைசியில் குளோரைடு கணக்கில் வந்து முடிகிறது. ஒரு செல்லின் துப்புரவு வேலை நின்றால் பக்கத்து செல்லின் குளோரைடு எப்படிக் கெடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

வீட்டில் நீங்கள் முதலில் பார்க்கக்கூடியது: பகலில் தூங்கிவிட்டு ராத்திரி முழித்திருப்பார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி வைக்கச் சொல்லுங்கள். சில நொடியில் கை சட்டென்று தொய்ந்து, மறுபடி எழும்பும், திரும்பத் தொய்யும். அதைப் பார்த்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மலச்சிக்கல் விடாதீர்கள், லாக்டுலோஸ் சிரப் கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள். தூக்கம் வரவில்லை என்கிறாரே என்று தூக்க மாத்திரை கொடுத்துவிட வேண்டாம். பருப்பு, தயிரை எல்லாம் வீட்டாரே நிறுத்திவிடுவது நம்ம பக்கத்துப் பழக்கம். புரதத்தை அப்படி வெட்டினால் உடம்பு இன்னும் தேயும், டாக்டர் சொன்ன அளவுக்குக் கொடுங்கள்.

ஸ்ட்ரோக்கில் மூளை வீங்குவது?

ரத்தம் நின்ற இடத்தில் பம்புகள் ஓட சக்தி இல்லை. சோடியமும் குளோரைடும் செல்லுக்குள் இறங்க, தண்ணீர் கூடவே இறங்குகிறது. முதலில் உப்புவது ஆஸ்ட்ரோசைட். வீங்கிய ஆஸ்ட்ரோசைட் அதே எல்.ஆர்.ஆர்.சி.8.ஏ. வாய்க்கால் வழியாகக் குளுட்டமேட்டையும் கொட்டி, பக்கத்து நியூரானைக் கொல்கிறது. ஆஸ்ட்ரோசைட்டில் அந்த வாய்க்காலை நீக்கிய எலிகளில் மூளைச் சேதம் குறைந்தது. நமக்கு இப்போதைக்குக் கையில் இருப்பது நேரம்தான்: வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். ஊரில் எண்ணெய் தேய்த்துப் பார்க்க நேரம் இல்லை.

பரம்பரையாக வருமுங்களா? நாங்க ஒரே கூட்டத்துக்குள்ள (குலத்துக்குள்ள) பொண்ணு எடுக்கறதில்லைங்க.

ஆஸ்ட்ரோசைட்டின் குளோரைடு, நீர்க் கணக்கு பிறவியிலேயே கெடும் அரிய நோய்கள் சில உண்டு. ஒன்றில் குழந்தைக்கு முதல் வருஷத்திலேயே தலை பெரிதாகிறது, நடை தாமதமாகிறது, பிறகு வலிப்பு வருகிறது. ஸ்கேனில் வெள்ளைப் பகுதி உப்பி, நீர்க்கட்டிகள் தெரியும். இந்த நோயை நெதர்லாந்து நரம்பியல் மருத்துவர் மார்யோ வான் டெர் நாப் 1995ல் விவரித்தார். இந்தியாவில் மும்பை நரம்பியல் மருத்துவர் பி. எஸ். சிங்கால் அதே காலத்தில் நிறையக் குழந்தைகளிடம் கண்டார். இரண்டு பேர் பெயரும் நோயின் பெயரில் இருக்கிறது. எம்எல்சி-1 என்ற மரபணு 2001ல் கண்டுபிடிக்கப்பட்டது. அது தரும் புரதம் ஆஸ்ட்ரோசைட்டின் பாதங்களில் இருக்கிறது. அது கெட்டால், வீங்கினால் திறக்க வேண்டிய குளோரைடு வாய்க்கால் சரியாகத் திறப்பதில்லை. இந்தக் குழந்தைகளுக்குத் தலையில் லேசாக அடிபட்டாலும் நிலைமை மோசமாகலாம். விளையாட்டில் கவனம் வேண்டும்.

இன்னொன்று எபிசோடிக் அட்டாக்சியா (விட்டுவிட்டு வரும் நடைத் தடுமாற்றம்) 6ம் வகை. இதில் குளுட்டமேட் எடுக்கும் புரதத்தின் குளோரைடு வாய்க்கால் தேவைக்கு மேல் திறந்தே கிடக்கிறது. அதே பிழையை எலியில் உண்டாக்கிப் பார்த்தபோது சிறுமூளையின் கிளியா செல்கள் குளோரைடை இழந்து மடிந்தன; எலி நடக்கத் தடுமாறியது. அதிகமானாலும் கெடுதல், குறைந்தாலும் கெடுதல் என்பதற்கு இது சாட்சி.

இப்போது கூட்டம் பற்றி. கூட்டம் அப்பா வழியில் வருவது. ஒரே கூட்டத்தில் எடுக்காவிட்டாலும், மாமன் மகளும் அத்தை மகனும் வேறு கூட்டமாக இருந்துகொண்டே மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். எம்எல்சி-1 மாதிரி நோயில் அம்மா, அப்பா இருவரும் ஒரு பிழையான பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு. சுமப்பவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. வீட்டில் ஒரு குழந்தைக்கு இப்படி வந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு முன்னாலும், சொந்தத்தில் சம்பந்தம் பேசும் முன்னாலும் மரபணு ஆலோசனை எடுங்கள். அந்தத் தாயைக் குறை சொல்லும் பேச்சை முதலில் நிறுத்துங்கள். பிழை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது.

தேள் விஷத்தில் மூளைக் கட்டிக்கு மருந்து என்று படித்தேன்.

கிளியோமா என்பது கிளியா செல் வகையில் வரும் கட்டி. அந்த செல்கள் உள்ளே குளோரைடை மிக அதிகமாக, 100 மில்லிமோல் அளவுக்குக்கூட, சேர்த்து வைக்கின்றன. குறுகலான இடுக்கு வந்தால் குளோரைடையும் தண்ணீரையும் வெளியே விட்டு, சுருங்கி நுழைந்து போகின்றன. வட ஆப்பிரிக்கா, மேற்காசியப் பாலைவனத் தேள் ஒன்றின் விஷத்தில் குளோரோடாக்சின் என்ற 36 அமினோ அமிலப் புரதம் இருக்கிறது. அது கிளியோமா செல்களில் போய் ஒட்டும். அதில் ஒளிரும் சாயத்தைக் கட்டி, அறுவை சிகிச்சையில் கட்டியின் எல்லையைக் காட்டப் பயன்படுத்தும் முயற்சி நடக்கிறது. நம்ம ஊர்த் தேளைப் பிடித்து வைத்தியம் செய்வதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எங்க நாய்க்கு வலிப்புக்கு பொட்டாசியம் புரோமைடு கொடுக்கச் சொன்னாங்க. அதுவும் குளோரைடு சமாச்சாரமா?

ஆமாம். வலிப்புக்குப் பலன் தந்த முதல் மருந்தே அதுதான். 1857ல் லண்டனில் சார்லஸ் லோகாக் சொன்னார். புரோமைடு குளோரைடின் இடத்தைப் பிடித்து, காபாவின் வாசலில் இன்னும் சுலபமாக நுழைகிறது. நாய்க்குத் திடீரென்று உப்புக் கூடினால் சிறுநீரகம் புரோமைடை அதிகமாக வெளியே தள்ளி, மருந்தின் அளவு இறங்கிவிடும். கருவாடு, உப்புக்கண்டம் போட்டுப் பழக்க வேண்டாம். தீனியை ஒரே மாதிரி வையுங்கள்.

வலிப்பு வந்தால் இரும்புச் சாவி கொடுப்பது எதுக்குங்க? அதில் ஏதாவது மின்சாரம் இருக்குதுங்களா?

இல்லை. பெரும்பாலான வலிப்பு ஒன்று முதல் மூன்று நிமிஷத்தில் தானாக நிற்கும். சாவியைத் தேடி எடுத்து வந்து கையில் திணிப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடுகிறது, சாவியால் நின்றது என்று நினைத்துக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியது வேறு. பக்கத்தில் கல், அடுப்பு, அரிவாள் இருந்தால் நகர்த்துங்கள். ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சிலும் வாந்தியும் வெளியே வடியட்டும். தலைக்கு அடியில் துண்டு. வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். செல்போனில் நேரம் பாருங்கள். 5 நிமிஷத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, முதல் தடவையாக இருந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். முடிந்தால் இன்னொருவர் வீடியோ எடுக்கட்டும். எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது என்று டாக்டர் கேட்கும்போது அது நூறு வார்த்தைக்குச் சமம். வலிப்பு மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கிறது. தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.